அத்தையின் எலும்பு

எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது அத்தையின் எலும்பு உருகிக்கொண்டிருந்தது. அப்படித்தான் எங்கள் வீட்டில் பேச்சு. அத்தை என்றால் அப்பாவின் தங்கை. நெட்டுக்குப்பத்தில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டவள். மாமா படகில், பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும் தங்கு கடலுக்குப் போனதும் துணிப்பையோடு எங்கள் வீட்டுக்கு வந்து, வெள்ளைப்படுகிறது என்று அம்மாவிடம் கிசுகிசுத்தாள்.

“நாள் பூரா வெயில்ல குந்திகினு மீன் விக்கிறியே, ஒடம்பு சூடு. எலும்பு உருகி வெளிய போவுது,” என்றாள் அம்மா, உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தவள் மாதிரி.

ஊறவைத்த வெந்தயம், மோர், இளநீர் என்று வைத்தியம் தொடங்கியது. நான் என் பங்குக்கு அத்தையின் மணிக்கட்டை அழுத்தி அழுத்திப் பார்த்தேன். எலும்பு இருந்தது, பயம்தான் போகவில்லை. என் தட்டில் மிஞ்சிய மீன் முள்ளையெல்லாம் கழுவி, அவளுக்கு உதவட்டும் என்று தலைமாட்டில் வைத்தேன். கழுத்தில் குத்தியதும் என் முதுகில் ஒன்று வைத்தாள்.

வெந்தயத்துக்கு எதுவும் மசியவில்லை. நாற்றமும் அரிப்பும் கூடியதால் அத்தை சோப்பு போட்டு உள்வரை கழுவ ஆரம்பித்தாள். எரிச்சலில் உட்காரக்கூட முடியாமல் போனபிறகுதான் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். என்னை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லை.

எலும்பும் உருகவில்லை, சூடும் இல்லை என்றார் டாக்டரம்மா. நாற்றம் இல்லாமல் கொஞ்சம் படுவது எல்லாப் பெண்களுக்கும் உண்டாம். திரிந்த பால் போல வந்து அரித்தால் அது பூஞ்சை. சர்க்கரை நோய் இருந்தால் அடிக்கடி வரும். சோப்பு போட்டுக் கழுவினால் உள்ளே இருக்கும் இயற்கைக் காப்பும் கெடும். அத்தைக்கு வந்ததோ மஞ்சளும் பச்சையுமாக நாறுவது, வேறு கிருமி.

“இது புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஒட்டிக்கிறதும்மா. அவரும் மாத்திரை போடணும். இல்லன்னா உனக்குத் திரும்பவும் வரும்.”

இரண்டு பேருக்குமான மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு அத்தை வீடு வந்தாள்.

கரை திரும்பிய மாமா முழு வஞ்சிரத்தோடு அவளை அழைக்க வந்தார். அத்தை மாத்திரையையும் தண்ணீரையும் அவர் முன்னால் வைத்தாள்.

“எனக்கு இன்னா வந்துச்சு? பொம்பள வியாதிக்கு நான் இன்னாத்துக்கு முழுங்கணும்?”

“முழுங்கினாதான் அந்த வூட்டுக்கு வருவேன். இல்லன்னா நீ கெளம்பு.”

மாமா மீனை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். இப்படி விரட்டினால் உன் வாழ்க்கை என்னாவது என்று அம்மா அழுதாள். அத்தை மீனை நறுக்க உட்கார்ந்தாள். எனக்கோ வஞ்சிரக் குழம்பு கிடைத்த சந்தோஷம்.

சில நாள் கழித்து மாமா வெறுங்கையோடு வந்தார். “குடு,” என்று வாங்கி விழுங்கினார்.

“யாராண்ட இருந்து வந்துச்சு?” என்று அத்தை மெதுவாகக் கேட்டாள்.

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா சட்டென்று அடுப்படிக்குள் போய்விட்டாள். மாத்திரை அவ்வளவு கசக்கிறதா என்று எனக்குப் பாவமாகிவிட்டது. ஓடிப்போய் ஒரு துண்டு வெல்லம் எடுத்துவந்து மாமாவின் கையில் வைத்தேன். அவர் அழுதார். அத்தையும் அழுவதைப் பார்த்து, அவளுக்கும் ஒரு துண்டு எடுக்கப் போனேன்.