சொல்லாமல் பிடோக்குக்குப் போனவள்

மாணிக்கம் கிராணிக்கு எழுத்து அழகு. ராபிள்ஸ் பிளேஸில் அவர் குமாஸ்தாவாக வேலை பார்த்த கம்பெனியில், அவர் எழுதிய கடிதத்தைத் துரை ஒரு தடவை தூக்கிப் பிடித்து ரசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். அப்படி ஒரு வரி கோணாத கை. அந்தக் கைக்குச் சொந்தக்காரரின் மனசுதான் ஒரு நாளும் நேராகப் போனதில்லை. ஒரு கறவை மாடு வாங்கப் பதினோரு பேரிடம் யோசனை கேட்கக் கிளம்பினார். ஏழாவது ஆள் யோசனை சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் தானே போய் அந்த மாட்டை வாங்கி ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அப்புறமும் மிச்சமிருந்த நாலு பேரிடம் போய்க் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார் மாணிக்கம். கேட்காமல் விட்டால் அவர்கள் மனசு வருத்தப்படுமாம்.

இந்த மகானுக்கு இருபத்திரண்டு வருஷமாக வாழ்க்கைப்பட்டவள் சந்திரமதி. பதினாறு வயதில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, கல்யாணத்துக்காகச் சிங்கப்பூர் வந்தவள். வந்த கப்பலில் ஒருவனுக்கு அம்மை போட்டிருந்ததால் மொத்தப் பேரையும் செயிண்ட் ஜான்ஸ் தீவில் இறக்கிவிட்டார்கள். குறுக்கே ஒரு கயிறு. கயிற்றுக்கு அந்தப் பக்கம் நோயாளிகள், இந்தப் பக்கம் மற்றவர்கள். இந்தப் பக்கத்துக்காரர் ஒருவர் தன் சிநேகிதனை எட்டிப் பார்த்து ஆறுதல் சொல்ல மரியாதைக்குக் கயிற்றைத் தாண்டினார். அவர் திரும்பி வரவில்லை. கல்யாணப் புடவையை மடியில் வைத்துக்கொண்டு பன்னிரண்டு நாள் அந்தத் தீவில் உட்கார்ந்திருந்த சந்திரமதிக்கு ஒரு விஷயம் நன்றாகப் புரிந்தது. நோய்க்கு மரியாதை, முகதாட்சணியம் எதுவும் தெரியாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டாம் வருஷம் அக்டோபர் மாதம் விஷக் காய்ச்சல் அவர்கள் குடியிருந்த தேக்காவுக்கு வந்தது. ஊரெல்லாம் வைத்தியர்களாகிவிட்டார்கள். கழுத்தில் கற்பூரம் கட்டிக்கொண்டவர், கொய்னா மாத்திரையை வேர்க்கடலை மாதிரி மென்றவர், தைலத்தை உச்சி முதல் பாதம் வரை பூசிக்கொண்டு வாடையோடு திரிந்தவர், எல்லாரும் வரிசை தப்பாமல் படுத்தார்கள். ரிக்ஷா இழுக்க ஆளில்லை. சிராங்கூன் ரோட்டில் காலையில் ஒரு பாடை, மத்தியானம் இரண்டு பாடை.

சந்திரமதியின் ஒரே மகள் லீலா ஏழு மாதக் கர்ப்பிணி. மாப்பிள்ளை ஜொகூரில் ரப்பர் தோட்டத்தில் இருந்தார். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். எதிர்வீட்டில் குடியிருந்த, ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும் டிரெசர் சந்திரமதியைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"மாசமா இருக்கிற பொண்ணுங்க இதத் தாங்குறதில்லம்மா. இந்த வாரம் மட்டும் ரெண்டு பாத்துட்டேன். உங்க பொண்ண வெளிய விடாதீங்க, வெளி ஆளுங்கள உள்ள விடாதீங்க."

அன்றையிலிருந்து சந்திரமதிக்குச் சோறு இறங்கவில்லை. லீலா தும்மினால் இவள் ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அந்த நேரத்தில்தான் துரை ஒரு சாவியைக் கொடுத்தார். பிடோக் கடற்கரையில், தென்னந்தோப்புக்குள், சனி ஞாயிறில் காற்று வாங்குவதற்கென்று அவர் ஒரு மரவீடு கட்டி வைத்திருந்தார். அத்தாப்பு ஓலைக் கூரை, இரண்டே அறை, ஒரு கிணறு, கூப்பிடு தூரத்தில் மனுஷ வாடை கிடையாது. துரையும் துரைசாணியும் காய்ச்சலுக்குப் பயந்து பினாங்கு மலைக்குப் போகிறார்களாம். வீடு சும்மாதான் கிடக்கிறது, மகளைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு மாதம் இரு என்று சொல்லியிருக்கிறார். வெள்ளைக்காரனுக்கு இருந்த அக்கறை.

மாணிக்கம் சாவியை மேஜைமேல் வைத்தார்.

"போலாமாங்குற?"

"இன்னிக்கே போலாம்," என்றாள் சந்திரமதி.

"அவசரப்படாத. அண்ணன ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துர்றேன்."

அண்ணன் சேதுபதி பஃபலோ ரோட்டில் மாட்டுத் தீவனம் விற்பவர். அங்கே சபை கூடியது. கர்ப்பிணி ஆற்றைத் தாண்டக் கூடாதே, காலாங் ஆறு குறுக்கே கிடக்கிறதே என்று அண்ணி கன்னத்தில் கை வைத்தாள். பாலத்தின் மேலேதானே போகிறார்கள், ஆற்றை எங்கே தாண்டுகிறார்கள் என்று சேதுபதி தீர்ப்புச் சொன்னார். சாஸ்திரத்துக்கு அவர் பாலம் கட்டியதை மாணிக்கம் வீட்டுக்கு வந்து மூன்று தடவை சொல்லிச் சொல்லி வியந்தார். அப்புறம் நல்ல நாள் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை காலை. இடையில் நாலு நாள் இருந்தது. காய்ச்சலுக்குப் பஞ்சாங்கம் பார்க்கத் தெரியாது என்பதைச் சந்திரமதி வாய்விட்டுச் சொல்லவில்லை.

அந்த நாலு நாளையும் மாணிக்கம் வீணாக்கவில்லை. முத்து முத்தான எழுத்தில் ஒரு பட்டியல் எழுதினார். சொல்லிக்கொண்டு கிளம்ப வேண்டிய வீடுகள், மொத்தம் முப்பத்திரண்டு.

"காய்ச்சலுக்குப் பயந்து ஓடுறோம்," என்றாள் சந்திரமதி. "ஓடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு காய்ச்சல் வீட்டுலயும் ஏறி எறங்கி காப்பி குடிச்சிட்டு ஓடணுமா?"

"நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா யாரு வருவா? சொல்லிக்காம போனா நாம மனுசங்களா?" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் வந்ததும் விவரம் சொல்வார். இன்னார் வீட்டில் மூன்று பேர் படுத்திருக்கிறார்கள், பக்கத்தில் உட்கார்ந்து விசாரித்தேன். இன்னார் எழுந்திருக்க முடியாமல் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சந்திரமதி வாசலிலேயே வெந்நீர் வைத்திருப்பாள். குளித்துவிட்டுத்தான் உள்ளே வரணும், முன்னறையைத் தாண்டக் கூடாது. லீலாவைப் பின்கட்டுக்கு மாற்றியாயிற்று. கட்டிய மனுஷனைக் கண்டு கதவைச் சாத்துகிறாளே என்று அவருக்குக் குறை.

புதன்கிழமை இரண்டு சங்கதிகளோடு வந்தார். முதலாவது, பிடோக்குக்கு நாம் மட்டும் போகவில்லை. அண்ணன் குடும்பம் வருகிறது. அண்ணியின் தம்பி குடும்பம் வருகிறது. கடல்காற்று பட்டால் காய்ச்சல் இறங்கும் என்று இன்னும் இரண்டு வீட்டில் ஆசைப்பட்டார்கள். ஆகமொத்தம் பத்தொன்பது பேர்.

"ரெண்டு ரூம்பு வீட்டுக்குப் பத்தொம்போது பேரா?"

"முகத்துக்கு நேரா கேக்குறப்ப எப்பிடி வேணாங்கிறது?"

இரண்டாவது, சேதுபதியின் மருமகள் அன்னம்மாவுக்கும் காய்ச்சல். பதினெட்டு வயதுப் பெண். ஊருக்குக் காய்ச்சல் வரும்வரை தினமும் மத்தியானம் வந்து லீலாவுக்குத் தலை வாரிப் பின்னிவிட்டு, இரண்டும் எதற்கென்று தெரியாமல் சிரித்துக்கொண்டு கிடக்கும்.

"நெத்தியத் தொட்டுப் பாத்தேன், கொதிக்குது," என்றார் மாணிக்கம். "அந்த நெலமையிலயும், லீலாவுக்குப் புளிப்பு கேக்குமேன்னு எலுமிச்சங்கா ஊறுகா குடுத்துவிட்டுச்சு. அதுவும் நம்மகூட பிடோக்குக்கு வர்றேன்னுச்சு."

கையில் ஒரு சின்ன ஜாடி. துணி கட்டிய வாய். சந்திரமதி அதைக் கையால் வாங்கவில்லை. வெளி ஜன்னல் கட்டையில் வைக்கச் சொன்னாள்.

வியாழக்கிழமை காலை மாணிக்கம் மிச்சமிருந்த ஐந்து வீட்டுக்குச் சொல்லிக்கொள்ளப் போனார். அவர் தலை மறைந்ததும் சந்திரமதி, கம்போங் காப்பூரில் மாட்டுவண்டி வைத்திருந்த அப்துல் மஜீதுக்கு ஆளனுப்பினாள். ஒரு மூட்டை அரிசி, பருப்பு, பாத்திரம், பாய், லீலா. இருபத்திரண்டு வருஷத்தில் புருஷனைக் கேட்காமல் அவள் கோயிலுக்குக்கூடப் போனதில்லை. துரையின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

"அப்பாகிட்ட சொல்ல வேணாமாம்மா?" என்றாள் லீலா.

"சொன்னா கூட வந்துருவாருடி."

வண்டி பஃபலோ ரோட்டைக் கடக்க வேண்டியிருந்தது. சேதுபதி வீடு வந்ததும் லீலா திரையை விலக்கினாள். "அன்னம்மா அண்ணிகிட்ட மட்டும் இங்கேர்ந்தே ஒரு குரல் குடுத்துட்டுப் போலாம்மா. எறங்க வேணாம். சன்னல் பக்கந்தான் படுத்திருக்கும்."

"குரல் குடுத்தா வீடே எறங்கி வரும்," என்று சந்திரமதி திரையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

மஜீது மாட்டைத் தட்டினார். லாவண்டர் ஸ்ட்ரீட், காலாங் பாலம், கேலாங் என்று வண்டி போய்க்கொண்டே இருந்தது. லீலா வழி முழுக்க முகத்தைத் திரைப் பக்கமே திருப்பி வைத்திருந்தாள்.

துரையின் மாளிகையில் ஒரு சாய்வு நாற்காலி இருந்தது, பனிமலைப் படம் ஒன்று தொங்கியது, பீங்கான் தட்டு பன்னிரண்டு இருந்தது. அம்மி இல்லை. மிளகாயை எதில் வைத்து அரைத்துத் தின்கிறான் இந்த மனுஷன் என்று சந்திரமதி ஒரு கருங்கல்லைத் தேடிக் கழுவி வைத்துக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக வீட்டில் யாரும் யாரையும் யோசனை கேட்கவில்லை. சமைத்தார்கள், தின்றார்கள், தூங்கினார்கள். வெள்ளிக்கிழமை வருவதாக இருந்த உறவுக் கூட்டத்தில் ஒருத்தரும் வரவில்லை. பாதிப் பேர் படுத்துவிட்டார்கள், பாதிப் பேர் கோபித்துக்கொண்டார்கள்.

நாலாம் நாள் மஜீது காய்கறியோடு வந்தார். வண்டியைத் தள்ளியே நிறுத்தினார்.

"அக்கா, நம்ம மாணிக்கம் அண்ணனுக்குக் காய்ச்சல். ரெண்டு நாளாச்சு. நான் வாசல்ல கஞ்சி வச்சிட்டுத் தட்டிட்டு வர்றேன், எடுத்துக் குடிக்கிறாரு."

"வேற யாரும் வந்து பாக்கலியா மஜீது பாய்?"

"யாரு வர்றா? எல்லா வீட்டுலயும் இதே கததான் லா."

முப்பத்திரண்டு வீட்டுக் காப்பி. சந்திரமதி உள்ளே போய் மாற்றுப் புடவையைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். போனால் திரும்பி லீலாவிடம் வர முடியாது. போகாவிட்டால் அந்த மனுஷன் தனியாகச் செத்துப் போகலாம். ஒரு காலை வண்டிப் பக்கமும் ஒரு காலை வீட்டுப் பக்கமும் வைத்துக்கொண்டு நின்றவளிடம், மஜீது மடியிலிருந்து ஒரு சீட்டை எடுத்து மணலில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார்.

"அண்ணன் கதவுக்குக் கீழால தள்ளிவிட்டாரு."

லீலாவை எட்டவே நிற்கச் சொல்லிவிட்டு, சந்திரமதி அதைக் குச்சியால் பிரித்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள். வரிகள் தாறுமாறாக ஓடியிருந்தன. "வர வேண்டாம். லீலாவோடு இரு. இதை நான் யாரையும் கேட்டு எழுதவில்லை."

சந்திரமதி கிணற்றடியில் போய் உட்கார்ந்து அழுதாள். சத்தம் போட்டே அழுதாள். இருபத்திரண்டு வருஷம் காத்திருந்து கிடைத்த முதல் உத்தரவு இதுவா இருக்கணும்?

பதினேழாம் நாள் தென்னைமரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் தெரிந்தார். சட்டை தொளதொளவென்று தொங்கியது. கன்னம் ஒட்டிப்போய், கையில் ஒரு துணிமூட்டையோடு மாணிக்கம் நின்றார்.

"அங்கயே நில்லுங்க," என்றாள். கிணற்றுக் கயிற்றைக் கொண்டுபோய் இரண்டு மரங்களுக்கு நடுவே குறுக்காகக் கட்டினாள். கயிற்றிலிருந்து வீட்டுக்கு ஐம்பது அடி. பிழைத்து வந்த புருஷனை வரவேற்ற அழகைப் பார்த்தால் அண்ணி கன்னத்தில் இரண்டு கையையும் வைத்திருப்பாள். மாணிக்கம் கயிற்றுக்கு அந்தப் பக்கம் கீற்று வேய்ந்துகொண்டு எட்டு நாள் இருந்தார். சந்திரமதி இலையில் சோறு வைத்துவிட்டு வருவாள், அவர் வந்து எடுத்துக்கொள்வார். இவள் படியில் உட்கார்ந்து கத்துவாள், அவர் மணலில் உட்கார்ந்து கத்துவார். முன்னறையில் இத்தனை வருஷம் பேசாததையெல்லாம் கடலுக்குக் கேட்கும்படி பேசினார்கள்.

முதல் நாளே ஒன்று கேட்டாள். "அன்னம்மா எப்பிடி இருக்கு?"

அவர் எழுந்து கயிறு வரை வந்தார்.

"போயிருச்சு. நீங்க கெளம்புன மூணாம் நாளு."

லீலா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள்.

"லீலா எப்ப வருவான்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சாம். சொல்லாம கொள்ளாம போயிட்டாங்கன்னு அண்ணி கோவமா சொல்லியிருக்காங்க. பரவால்ல, போனது நல்லதுதான்னுச்சாம்."

மூட்டையை அவிழ்த்து அந்த ஜாடியை எடுத்துக் கயிற்றோரம் மணலில் வைத்தார். ஜன்னல் கட்டையில் இவள் விட்டுவிட்டு வந்த அதே ஜாடி. சந்திரமதி வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்னம்மாவை இங்கே கூட்டி வந்திருந்தால் லீலா இருந்திருக்க மாட்டாள். அதில் அவளுக்கு இப்போதும் சந்தேகம் இல்லை. ஆனால் வண்டியிலிருந்து ஒரு குரல் கொடுத்தால் காய்ச்சல் குரலில் தொற்றிக்கொண்டா வரப்போகிறது? அன்றைக்குத் திரையைப் பிடித்த கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது அவளுக்கு.

பேத்தி தை மாதம் தேக்காவில் சுகமாகப் பிறந்தாள். பெயர் வைக்க மாணிக்கம் பதினான்கு பேரிடம் யோசனை கேட்டார். உயிர் பிழைத்ததற்காக மனுஷன் அடியோடு மாறிவிடுவாரா என்ன?

ஊர் சந்திரமதிக்கு ஒரு பட்டம் கொடுத்தது. 'சொல்லாமப் போனவ.' கல்யாண வீட்டில், சாவு வீட்டில், மார்க்கெட்டில், யார் அதைச் சொல்லிக் குத்தினாலும் அவள் சுடச்சுடப் பதில் கொடுப்பாள். சொல்லிக்கொண்டு போயிருந்தால் என் பேத்தியை எந்தக் கடையில் வாங்குவது என்று கேட்பாள்.

சேதுபதியின் மகன், அந்த அன்னம்மாவின் புருஷன், ஒரே ஒரு தடவை கேட்டான். "ஏன் சித்தி, அவகிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாமே?"

அன்றைக்கு அவள் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா தம்பி, சொல்லியிருக்கலாம்," என்றாள்.