இரும்பு மூடியும் இரண்டு பீகாவும்

என் வீட்டுக்காரர் முனியப்பனுக்கு ஒரு பழக்கம் உண்டு. வண்டி எங்கே நின்றாலும் முதலில் தலையைத் திருப்பிப் பின்னால் பார்ப்பார். சிக்னல் விழுந்தாலும் பார்ப்பார், மாடு குறுக்கே வந்தாலும் பார்ப்பார். பிக்கப் வண்டியில் சீட்டுக்குப் பின்னால் சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கிறது. அதில் லோடு தெரியும். வண்டியில் மட்டும் என்றால் பரவாயில்லை. கல்யாணமான புதிதில் பஸ்ஸில் அழைத்துப் போனபோதும் நின்ற இடத்திலெல்லாம் திரும்பிப் பார்த்தார். பின் சீட்டுப் பெண்கள் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார்கள். நானும் அன்று என்னமோ நினைத்துக்கொண்டேன். லாரியில் கிளீனராக இருந்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம் என்று பிறகுதான் தெரிந்தது.

அவர் திருப்பத்தூர் பக்கம். மீசை முளைக்கும் முன்பே லாரியேறி பெங்களூருக்கு வந்தவர். கிளீனர், பிறகு டிரைவர், பிறகு சொந்தமாக ஒரு பிக்கப். பொம்மனஹள்ளியில் ஹரிஷ்குமார் என்பவர் சலவைக்கூடம் வைத்திருக்கிறார். ஓட்டல் படுக்கை விரிப்பு, துண்டு எல்லாம் அங்கே வெளுப்புக்கு வரும். வெளுத்ததைக் காலையில் அல்சூர் ஏரிப் பக்கத்து ஓட்டலுக்குக் கொண்டுபோய் இறக்குவதும், அழுக்கை ஏற்றி வருவதும் இவர் வேலை. மேலே தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டுவார். மற்ற லோடு வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. ஓட்டல் டிரிப்தான் நிலையானது. எங்கள் மகள் தாரணி பி.காம். சேர்ந்ததே அதை நம்பித்தான்.

என்னை எட்டாவதோடு நிறுத்திவிட்டார்கள். காரணம் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தாரணிக்கு அப்படி ஆகிவிடக் கூடாது என்பது ஒன்றுதான் எனக்கு. ஓசூரில் இருக்கும் நாத்தனார் காந்தா போன் செய்யும்போதெல்லாம், "ஒரு நல்ல எடம் இருக்குது அண்ணா" என்று ஆரம்பிப்பாள். அதனால் அவர் போன் பேசினால் நான் பாத்திரம் தேய்ப்பதை மெதுவாக்கிக்கொள்வேன். எனக்கு வாய் கிடையாது. காது உண்டு.

போன வருஷத்துக்கு முந்தின மழைக்காலத்தில் அவர் போன் பேச வெளியே போக ஆரம்பித்தார். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய், சுவரைப் பார்த்து நின்று, கன்னடத்தில் பேசினார். நாத்தனாரிடம் கன்னடத்தில் பேசுவாரா? இது வேறு ஆள்.

எனக்குத் தெரிந்த கன்னடம் கடைக்கும் தண்ணீர் வண்டிக்கும் போதும். நான் தமிழில் சொல்வேன், அவர்கள் கன்னடத்தில் சொல்வார்கள், சாமான் கைக்கு வந்துவிடும். ஆனாலும் அன்று ஒரு சொல் காதில் நன்றாக விழுந்தது.

"ஹளே பீகா பேடா. ஹொஸா பீகானே நோடி. கட்டியாகிர்பேக்கு." கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தணித்து, "மனேல்லி இன்னூ ஹேளில்லா."

பழைய பீகா வேண்டாம். புது பீகாவே பாருங்கள். கெட்டியாக இருக்க வேண்டும். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

என் கையிலிருந்த டம்ளர் அப்படியே நின்றுவிட்டது. பீகா என்றால் எனக்குத் தெரியும். கீழ் வீட்டு கௌரம்மா மகள் கல்யாணத்துக்கு மறுநாள் தெருவை அடைத்துப் பந்தல் போட்டு, கறிச்சோறு போட்டார்கள். 'பீகர ஊட்டா' என்று பெயர். சம்பந்தி வீட்டாருக்குப் போடும் விருந்து. கௌரம்மா தங்கச் சங்கிலி போட்ட ஒருவரை என்னிடம் காட்டி, "இவுரே நம்ம பீகரு" என்றார். பீகா என்றால் சம்பந்தி.

பழைய சம்பந்தி என்றால் நாத்தனார் சொன்ன இடம். அது வேண்டாமாம், புதிதாகக் கெட்டியான இடம் பார்க்கிறாராம். அதுவும் கன்னடக்காரர் வீட்டில்.

அன்றிலிருந்து கவனித்தேன். லோடு இல்லாத நாட்களில் ஊரின் மறுகோடியில் இருக்கும் பீன்யாவுக்குப் போய் வந்தார். அங்கே என்ன வேலை என்று கேட்டால் "சும்மா" என்றார். பொம்மனஹள்ளியிலிருந்து பீன்யாவுக்கு யார் சும்மா போவார்கள்? சட்டையில் இரும்புத் தூள் இருந்தது. அவர் குளிக்கப் போனபோது போனைப் பார்த்தேன். பருத்த ஒருவர் இவர் தோளில் கைபோட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு பையன், இருபத்தைந்து வயதிருக்கும், முகத்தைப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு போடும்போது கேட்டுவிட்டேன். தாரணியும் பக்கத்தில் இருந்தாள்.

"பையன் இன்னா படிச்சிருக்கான்?"

"எந்தப் பையன்?"

"உங்க பீகாவோட பையன்."

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "எந்த பீகா?"

"பீன்யால இருக்காரே, குண்டா ஒருத்தரு. கட்டியான பீகா."

தாரணிக்குத்தான் முதலில் விளங்கியது. அவளுக்குப் புரையேறிவிட்டது. "அம்மா, கன்னடத்துல பீகான்னா பூட்டும்மா. சம்பந்திக்கும் அதே பேருதான்."

"கௌரம்மா பூட்டை லாக்குன்னுதானே சொல்றாங்க."

"அவங்க ஸ்டைலா சொல்றாங்க."

அவர் சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டுக் கதவு திறந்தது. "தே, அச்யுத்துக்குத் தெரிஞ்சா மாலையோட வந்துருவாரு. அவரு வண்டிக்கு பாடி கட்டுறவரு. மூடி போடப் போறேன் மே, வண்டிக்கு. பூட்டு வெச்ச மூடி."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ரசம் ஊற்றும்போது கேட்டேன், "பூட்டு வாங்குறதுக்கு எதுக்கு வீட்ல சொல்லலைன்னு சொன்னீங்க?"

அவர் சிரிப்பு அடங்கிவிட்டது. தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார்.

ஓட்டலில் எண்ணும்போது துண்டு குறைகிறதாம். ஒரு தடவை இல்லை, அடிக்கடி. சலவைக்கூடத்தில் சரியாக எண்ணிக் கட்டினோம் என்கிறார்கள். ஓட்டலில் பிரித்தால் குறைகிறது என்கிறார்கள். நடுவில் இருப்பது வண்டி. ஹரிஷ்குமார் நேராகக் குற்றம் சொல்லவில்லை. "தார்ப்பாய்க்குள்ள யார் வேணும்னாலும் கை வுடலாம், முனியப்பா" என்றாராம். யார் வேண்டுமானாலும் என்று சொல்லும்போது இவர் முகத்தைத்தான் பார்த்தாராம். இரும்பு மூடி போட்டுப் பூட்டாவிட்டால் டிரிப் வேறு வண்டிக்குப் போய்விடும்.

"திருடன்னு சொல்றாங்கன்னு வீட்ல எப்டி சொல்றது" என்றார்.

தாரணி எழுந்து போய்விட்டாள். டிரிப் போனால் அவள் காலேஜும் போகும். பிறகு நாத்தனார் போன் வந்தால் இவரால் மறுத்துப் பேச முடியாது. சம்பந்தி வரவில்லை என்று நான் சிரித்ததற்கு அர்த்தமே இல்லாமல் போயிற்று.

அடுத்த முறை பீன்யாவுக்கு நானும் போனேன். ஒன்றும் பேச மாட்டேன், கூட வருகிறேன் என்றேன். அச்யுத் போட்டோவில் இருந்ததைவிடப் பருமன். தமிழைக் கன்னடம் மாதிரிப் பேசினார். மூன்று மாதிரி காட்டினார். ஃபைபர் மூடி கனமில்லாமல் பளபளவென்று இருந்தது. விரலால் தட்டினேன், பிளாஸ்டிக் வாளிச் சத்தம் வந்தது. இன்னொன்று அலுமினியம், மூன்றாக மடியும். மடிகிற இடங்களில் ரப்பர். தண்ணீர் ஊற்றச் சொன்னேன். ஊற்றிவிட்டுக் குனிந்து பார்த்தால் ரப்பர் ஓரமாக நூல் மாதிரி இறங்கியது. வெளுத்த துணிக்கு அது ஆகாது.

கடைசியில் இரும்புத் தகடு. ஒரே பலகை, கறுப்புப் பெயின்ட். தூக்கிவிட்டால் இரண்டு பக்கமும் ஒரு கம்பி தானாகத் தாங்கி நிறுத்துகிறது.

"இதேம்மா நல்லது. பீகா ஒடைக்க ஆகாது" என்றார் அச்யுத். என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

நான் மூடியைச் சுற்றி வந்தேன். பூட்டு கனமானதுதான். ஆனால் மூடி தொங்கும் கீல் வெளியே இருந்தது, நான்கு திருகாணியோடு. திருப்புளி இருந்தால் பூட்டைத் தொடாமலே மூடியைக் கழற்றிவிடலாம். அதை அவர் காதில் சொன்னேன். அவர் அச்யுத்திடம் சொன்னார்.

"உங்க வீட்டம்மா போலீஸா சார்?" என்று கேட்டுவிட்டு, கீலை உள்பக்கம் வைத்து வெல்டிங் அடித்துக்கொடுத்தார். மேல் மூடிக்கு ஒரு பூட்டு, பின்கதவுக்கு ஒரு பூட்டு.

வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியதும் ஹரிஷ்குமார் சுற்றிப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு கையை நீட்டினார். ஒரு செட் சாவி சலவைக்கூடத்தில், ஒரு செட் ஓட்டல் ஸ்டோரில். இங்கே அவர் பூட்டுவார், அங்கே அவர்கள் திறப்பார்கள். இவருக்குச் சாவி இல்லை. சொந்த வண்டியின் முதுகை இவரால் திறக்க முடியாது. சரி சார் என்று கொடுத்துவிட்டு வந்தார். அன்று சாப்பிடவில்லை.

அந்த மூடியோடு இருப்பது லேசாக இல்லை. தார்ப்பாய் என்றால் மூட்டையைக் குவித்துக் கட்டலாம். இதில் அமுக்கித்தான் அடைக்க வேண்டும். மதியம் அழுக்குத் துணியை ஏற்றி வெயிலில் வந்தால் திறக்கும்போது நாற்றம் ஆளைத் தள்ளும். அச்யுத் பக்கவாட்டில் காற்றுத் துளை போட்டுக் கொடுத்தார். குழியில் இறங்கினால் தகடு கடகடவென்று பேசும். தெருப் பூனைகளுக்கு மட்டும் அதன்மேல் படுக்கப் பிடித்துப்போயிற்று.

முன்பெல்லாம் தெருவில் யாராவது வீடு மாறினால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். இப்போது பீரோ ஏற்ற முடியாது. முடியாது என்றால் யாரும் நம்பவில்லை. "தொறந்துட்டு ஏத்துப்பா" என்றார்கள். சாவி இல்லை என்றால் ஒரு மாதிரி பார்த்தார்கள். கௌரம்மா என்னைத் தனியே அழைத்து, "ஒளகே ஏனிதெ, அதான், உள்ள என்னா வெச்சிருக்காரு உங்க எஜமான்ரு?" என்று இவரைப் பற்றிக் கேட்டார். துணி என்றேன். "துணிக்கா இவ்ளோ பூட்டு" என்றார். தார்ப்பாய் போட்டிருந்தபோது யாரும் கேட்டதில்லை. கேட்ட கையோடு, தகடு நன்றாகச் சூடேறுகிறது என்று ஞாயிற்றுக்கிழமை அரிசி வடகத்தை அதன்மேல் காயவைத்தார்.

மூடி வந்த பிறகும் துண்டு குறைந்தது. அதுதான் எங்களுக்குப் புரியவில்லை. ஹரிஷ்குமார் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வேறொரு வண்டிக்காரர் சலவைக்கூடத்து வாசலில் இரண்டு நாள் நின்று பேசிக்கொண்டிருந்ததை இவர் பார்த்துவிட்டார். இவர் கள்ளச் சாவி போட்டிருப்பார் என்று யாரோ சொன்னதும் காதுக்கு வந்தது.

தேர்தல் வந்தது. அல்சூரில் இருக்கும் என் தங்கையைப் பார்க்க ஒரு காலை வண்டியிலேயே போனேன். வழியில் தடுப்பு வைத்து வண்டிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். வண்டி நின்றதும் இவர் திரும்பிப் பின்னால் பார்த்தார். கறுப்புத் தகடுதான் தெரிந்தது. ஆனாலும் பார்த்தார். அதைப் போலீஸ்காரர் பார்த்துவிட்டார்.

"பின்னாடி என்னா?"

"துணி சார். ஓட்டல் துணி."

"தெகி. தொற."

"கீ என்கிட்ட இல்ல சார்."

"வண்டி யார்து?"

"என்துதான் சார்."

"வண்டி உன்து, கீ உன்து இல்லவா?" அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். இருவரும் மூடியைத் தட்டிப் பார்த்தார்கள். பூட்டைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்தது தப்பு என்று பிறகு தோன்றியது.

வண்டியை ஓரம் கட்டச் சொன்னார்கள். போன் போட்டு, ஹரிஷ்குமாரே ஸ்கூட்டரில் சாவியோடு வந்தார். கோபத்தில் காது சிவந்திருந்தது. அவர் கையாலேயே திறந்தார். போலீஸ்காரர் ஒரு மூட்டையைக் குத்திப் பார்த்து, மோந்து பார்த்து, "ஹோகி, போங்க" என்றார். ஹரிஷ்குமார் திரும்பப் பூட்டினார். என்ன நினைத்தாரோ, ஸ்கூட்டரை எங்கள் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு ஓட்டல் வரை வந்தார். இவர் ஏதாவது செய்கிறாரா என்று பார்க்கத்தான் வந்தார் என்று எனக்குப் பட்டது. பக்கக் கண்ணாடியில் அவரை நான் விடாமல் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஓட்டலிலும் அவரே திறந்தார். கட்டுப் பிரியாத மூட்டைகளைத் தன் எதிரிலேயே எண்ணச் சொன்னார். துண்டு குறைந்தது.

அவர் கூடத்தில் கட்டிய மூட்டை. அவரே பூட்டிய பூட்டு. அவர் பார்வையிலேயே வந்த வண்டி. அவர் பூட்டைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு இவரிடம், "டீ குடிச்சிட்டுப் போங்க" என்றார். முன்பெல்லாம் 'போ' என்பார்.

கொஞ்ச நாளில் சலவைக்கூடத்தில் மூட்டை கட்டும் ஆள் மாறினார். பழையவர் ஊருக்குப் போய்விட்டார் என்கிறார்கள். அனுப்பிவிட்டார்கள் என்றும் சொல்கிறார்கள். எனக்குத் தெரியாது. எண்ணிக்கை இப்போது சரியாக இருக்கிறது.

ஒரு நாள் ஹரிஷ்குமார் ஒரு செட் சாவியை எடுத்து நீட்டினாராம். "நீங்களே வெச்சிக்குங்க முனியப்பா."

"வேணாம் சார்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. ஏன் என்று கேட்டேன்.

"சாவி கையில இருந்தா, நாளைக்கி ஒண்ணு கொறைஞ்சாலும் என் மூஞ்சியதான் பாப்பாங்க. இல்லாததே நல்லது மே. வடகம் காயட்டும்."

டிரிப் இன்றும் எங்களிடம்தான் இருக்கிறது. தாரணி கடைசி வருஷம் படிக்கிறாள். நாத்தனார் இன்னும் போன் செய்கிறாள், நான் இன்னும் பாத்திரத்தை மெதுவாகத் தேய்க்கிறேன். வண்டி நின்றால் அவர் திரும்பிப் பார்க்கிறார். இரண்டு பூட்டும் வண்டியில் இருக்கின்றன. சாவி எங்கள் வீட்டில் இல்லை.