கோவிந்தன் வண்டிக்கு மாட்டிய மூன்றாவது ஜோடி டிஸ்க்

கள்ளக்குறிச்சியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பதினெட்டு வருடம் பிரேக் வேலை பார்த்தேன். எனக்குச் சந்தேகம் பிறவிக் குணம். பிரேக் தொழிலுக்கு அது நல்லதுதான் என்று நினைத்திருந்தேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக, அந்தக் குணம் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைச் சொல்கிறேன்.

1. பெடல் உதைக்கிறது

கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளி ஏற்றிவரும் கோவிந்தனின் பிக்கப் பதினைந்து வருடப் பழசு. பிரேக் மிதித்தால் பெடல் காலை உதைக்கிறது என்று கொண்டுவந்தார். முன்சக்கர டிஸ்க் இரண்டும் வளைந்திருந்தன. வளைந்த டிஸ்க் சுற்றும்போது அதை இறுக்கிப் பிடிக்கும் பிரேக் பேடை முன்னும் பின்னும் தள்ளும், அதுதான் பெடலில் தெரியும். கடைசல் பிடித்துச் சமமாக்கலாம் என்றால் தேய்ந்தும் போயிருந்தன. புது ஜோடி வாங்கினோம்.

அந்த மாடலில் டிஸ்க்கை, சக்கரத்தின் நடுக்குடமான ஹப்போடு சேர்த்து போல்ட் போட்டிருக்கும். துருப்பிடித்ததைக் கழற்ற எங்களிடம் அழுத்தித் தள்ளும் பிரஸ் மெஷின் கிடையாது. பக்கத்து லேத் பட்டறை ஏழுமலையிடம் கொடுத்தேன். மத்தியானம் வாங்கியவன் சாயங்காலம் புது டிஸ்க்கை மாட்டிக் கொடுத்துவிட்டான்.

இருபதே நாளில் கோவிந்தன் திரும்பி வந்தார். அதே உதை. முதலாளி முன்னாலேயே கேட்டார்.

"புதுசுன்னு சொல்லி பழச பாலீஷ் போட்டு மாட்டிட்டீங்க. வளைவுல ஸ்டியரிங் உதறுது. மேல ஆறு பொம்பளைங்க குந்திகினு வர்றாங்க. இன்னா மேஸ்திரி இது?"

முதலாளி என் பக்கம் திரும்பினார். "புது டிஸ்க்கு எங்க போச்சு?"

வேலை போய்விடும் என்று பயந்தேன். பயத்தில் வாய் முந்திக்கொண்டது.

"ஒரு மத்தியானம் பூரா ஏழுமலை பட்டறையிலதாங்க இருந்துச்சு. நான் கூட நிக்கல."

திருடினான் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அன்றோடு முதலாளி அவனுக்கு வேலை கொடுப்பதை நிறுத்தினார். அவன் பட்டறைக்குப் பாதி வேலை எங்களிடமிருந்துதான் போகும். நாலு நாளில் தெருவில் மற்ற ஒர்க்‌ஷாப்காரர்களும் நிறுத்திவிட்டார்கள்.

2. அடிவாரம்

மூன்றாவது ஜோடிக்கு ஹப்பைத் தூக்கிக்கொண்டு சேலம் ரோட்டில் வேறொரு பட்டறைக்குப் போனேன். வேலை முடியும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். யாரும் மாற்றிவிடாதபடி டிஸ்க் ஓரத்தில் பஞ்ச் உளியால் இரண்டு புள்ளி அடித்தேன். மாட்டியபின் வளைவைக் காட்டும் டயல் கேஜ் வைத்துச் சுற்றினேன், முள் அசையவில்லை. அப்போதும் மனம் ஆறவில்லை. கோவிந்தனே மலையில் யாருக்காவது டிஸ்க்கைக் கழற்றிக் கொடுக்கிறாரோ என்று தோன்றியது. முதல் லோடுக்கு நானும் வருகிறேன் என்று ஏறிக்கொண்டேன்.

வெள்ளிமலையில் மரவள்ளி ஏற்றினோம். இறக்கம் முழுக்கப் பிரேக்கிலேயே வந்தார். அடிவாரத்தில் புளியமரத்தடிச் சாமி முன்னால் வண்டியை நிறுத்தி, ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை முன்சக்கரம் இரண்டிலும் ஊற்றினார். சொய்யென்று ஆவி கிளம்பியது.

"இன்னா பண்றீங்க?"

"எங்க ஊரு வண்டி ஒண்ணு கவுந்துச்சு இல்ல, அதுலேர்ந்து வேண்டுதல். பத்திரமா எறங்கனா சக்கரத்த குளுர வெக்கிறேன்னு."

"எத்தினி நாளா?"

"ரெண்டு மாசமா. ஒரு நட தவறல."

காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளிப்பது போலத்தான். அவ்வளவு சூட்டில் ஒரு பக்கம் மட்டும் குளிர்ந்தால் எந்த டிஸ்க்கும் வளையும்.

"ஏறும்போது ஊத்துங்க. அப்ப சக்கரம் ஆறிக் கெடக்கும்."

"சாமி கோச்சிக்காதா?"

"முன்னாடியே குடுக்கறவன் மேல இன்னா கோவம்?"

கோவிந்தன் என்னை நம்பாமல்தான் தலையாட்டினார். ஆனாலும் மாற்றிக்கொண்டார். அந்த ஜோடி அதன்பிறகு வளையவே இல்லை.

3. அரை நிமிட வேலை

அன்று திரும்பி வந்ததும், கழற்றிப் போட்ட இரண்டாவது ஜோடியை மூலையிலிருந்து எடுத்து வெர்னியரில் அளந்தேன். தடிமன் கிட்டத்தட்டப் புதுசுக்கு உள்ளபடியே இருந்தது. பழசைப் பாலீஷ் போட்டிருந்தால் அந்தத் தடிமன் வராது. நான் கொடுத்த புது டிஸ்க்கைத்தான் ஏழுமலை மாட்டியிருக்கிறான். அளக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. கோவிந்தன் சத்தம் போட்ட அன்றும் வெர்னியர் என் டூல் பாக்ஸில்தான் இருந்தது.

முதலாளியிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு ஏழுமலையிடம் போனேன். மெஷின் ஓடவில்லை. நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டான்.

"சந்தேகப்பட்டதுகூட பரவால்லண்ணா. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே அளந்து காட்டியிருப்பேன்."

மன்னித்துக்கொள் என்று மட்டும் சொன்னேன். "சரிண்ணா" என்றான்.

பொருள்மேல் எவ்வளவு வேண்டுமானாலும் சந்தேகப்படுங்கள், அதை அளந்து தீர்த்துக்கொள்ளலாம். ஆள்மேல் வாய்விட்டுவிட்டால் தீர்க்க முடியாது.

வேலை மறுபடி அவனுக்கே போனது. ஆனால் நான் டிஸ்க் கொண்டுபோகும்போதெல்லாம் ஏழுமலை அதை வெர்னியரில் பிடித்து என் முகத்துக்கு நேரே நீட்டுவான். "படிங்கண்ணா" என்பான். திருப்பித் தரும்போதும் அப்படியே. நான் ஓய்வு பெற்ற நாள்வரை, அளவைப் படிக்காமல் ஒரு தடவைகூட என்னைப் போகவிட்டதில்லை.