நாலு பேருக்கு மசாலா

தெம்பனிஸில் என் வீட்டுச் சமையலறையில் ஒரு தட்டு இருக்கிறது. எந்த அலமாரியிலும் அடங்காது. கழுவும் தொட்டியிலும் படுக்காது. சாய்த்து வைத்து முதலில் ஒரு பாதி, பிறகு திருப்பி மறு பாதி என்று இரண்டு தவணையாகத்தான் கழுவ வேண்டும். ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள சந்தில் அதை நிற்க வைத்திருக்கிறேன். விளிம்பில் ஓர் இடத்தில் நசுங்கல் உண்டு. ஆஸ்திரேலியாவிலிருந்து விடுமுறைக்கு வந்த மகன் அதைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, சாட்டிலைட் டிஷ் மாதிரி?" என்று கேட்டான். அதற்குப் பெயர் சஹன். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிடுவதற்கானது. கடற்கரை ஊர்களிலிருந்து கடல் தாண்டி இங்கே வந்து கடை போட்ட தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் விருந்து என்றால் சஹன்தான். அந்த வழக்கம் இல்லாத என் வீட்டுக்கு அது வந்து சேர்ந்ததற்கு மசாலாக்கடை அக்காதான் காரணம்.

தேக்கா சந்தையில் அக்காவின் கடை கீழ்த்தளம், என் தையல்கடை மேல்தளம். அரைத்த மிளகாய், மஞ்சள், இஞ்சி பூண்டு, சீரகம், தேங்காய் என்று வரிசையாகக் கிண்ணங்களில் குவித்து வைத்துக்கொண்டு அக்கா நடுவில் நிற்பார். யார் வந்தாலும் அவர் கேட்பது இரண்டே கேள்விதான். "என்ன கறி? எத்தனை பேருக்கு?" பதில் சொன்னால் போதும். ஒவ்வொரு கிண்ணத்திலிருந்தும் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளி ஒரே பைக்குள் போட்டுக் கட்டிக் கொடுத்துவிடுவார். நேரே கொண்டுபோய்ச் சட்டியில் கொட்ட வேண்டியதுதான். எடை, அளவு எதுவும் அவரிடம் செல்லாது. ஒருமுறை ஒரு பெண் கைப்பேசியைப் பார்த்தபடி "இருநூறு கிராம் குடுங்க" என்றாள். அக்கா கரண்டியை நிறுத்தி, "இருநூறு கிராம்ங்கறது யாரு, உங்க வீட்டுக்காரரா? எத்தனை பேரு சாப்பிடுவீங்கன்னு சொல்லுங்க லா" என்றார். வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்துவிட்டோம்.

பல வருடங்களாக அந்தக் கேள்விக்கு என் பதில் "மூணு பேருக்கு". மகன் வேலைக்காக வெளிநாடு போனபின் "ரெண்டு பேருக்கு". பிறகு என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். சொல்லிக்கொள்ளாமல், ஒரு காலை நேரத்தில், சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோதே. அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் நான் அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. காப்பியும் பிஸ்கட்டும்தான். மகன் தினமும் போன் செய்து "சாப்டீங்களாம்மா?" என்பான். "சாப்பிட்டேன்டா" என்று கூசாமல் பொய் சொல்லுவேன். உடம்பு மட்டும் பொய் சொல்லவில்லை. என் ரவிக்கைகளை நானே இரண்டு முறை உள்ளே பிடித்துத் தைத்தேன். ஊரார் துணியை அளக்கும் கைக்கு அந்தக் கணக்கு புரியாமல் இல்லை. போகட்டும் என்று விட்டுவிட்டேன், அதுதான் உண்மை.

மகனின் நச்சரிப்பு தாங்காமல் ஒருநாள், சமைக்கலாம் என்று அக்காவின் கடைக்குப் போனேன். "என்ன கறி?" என்றார். "மீன்" என்றேன். "எத்தனை பேருக்கு?" என்றார், பழக்க தோஷத்தில். கேட்டபிறகுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். நான் "ஒரு ஆளுக்கு" என்றேன். அதைச் சொன்ன என் குரல் எனக்கே யாரோ ஒருத்தியின் குரலாகக் கேட்டது. அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஒரு ஆளுக்கு எனக்கு மசாலா போடத் தெரியாது தங்கச்சி. திங்கக்கிழமை மார்க்கெட் லீவுதானே. மேல என் வீட்டுக்கு வா. நாலு பேருக்கு நானே போட்டுக்கறேன்."

நிஜத்தைச் சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வந்தது. மசாலா கேட்டால் மசாலாவைக் கொடுக்க வேண்டியதுதானே என்று நினைத்தேன். ஆனால் வேண்டாம் என்று மறுத்துப் பேசவும் அப்போது தெம்பில்லை.

சந்தைக்கு மேலேயே உள்ள அடுக்குமாடி வீட்டில் அக்கா குடியிருந்தார். சந்தைக்காரர்களுக்கு ஞாயிறு ஓயாத வேலை; மீனும் இறைச்சியும் காய்கறியும் விற்கும் ஈரச்சந்தைக்குத் திங்கள்தான் ஞாயிறு. நான் போனபோது கூடத்தில் பாய் விரித்து, நடுவில் சஹனை வைத்திருந்தார்கள். நெய்ச்சோறு, கோழி ஆனம் என்கிற குழம்பு, ஓரத்தில் பருப்புப் போட்ட தால்ச்சா, கத்தரிக்காய்ப் பச்சடி. ஒரு பக்கம் மீன்கடை ஆன்ட்டி. சீனப் பெண்மணி, முப்பது வருடம் சந்தையில் நின்று கற்ற தமிழ் பேசுபவர். சஹனில் அவர் மட்டும் கரண்டியால் சாப்பிடுவார், அதற்கு அக்கா தனி அனுமதி கொடுத்திருந்தார். இன்னொரு பக்கம், பணி ஓய்வு பெற்ற தமிழ் டீச்சர். பேச்சு முடிந்தால்தான் அவருக்குச் சோறு நினைவு வரும். நாலாவது இடத்தில் முன்பு அக்காவின் தங்கை உட்கார்வாராம். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அவர் செங்காங்கில் மகள் வீட்டோடு போய்விட்டதால் அந்தப் பக்கம் காலியாக இருந்தது.

அக்கா பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்கினார். நானும் கை வைத்தேன். மூன்று பிடி உள்ளே போனது. நெய்ச்சோறு என்றால் என் வீட்டுக்காரருக்கு உயிர். நாலாவது பிடியைத் தட்டிலேயே விட்டுவிட்டேன். "போதும்க்கா" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்க் கை கழுவினேன். திரும்பி வந்து பார்த்தால், மூன்று பேரும் கையை எடுத்துவிட்டிருந்தார்கள். மலை மாதிரி சோறு அப்படியே இருந்தது. டீச்சர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மீன்கடை ஆன்ட்டி கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா தட்டை மூடிவிட்டுத் தேநீர் கொண்டுவந்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ரயில் நிலையம் வரை டீச்சர் கூட வந்தார். நடக்கிற நடையில்தான் விஷயத்தைச் சொன்னார். சஹனில் ஒருவர் எழுந்துவிட்டால் மற்றவர்களும் எழுந்துவிடுவார்கள். சட்டமொன்றும் இல்லை, மரியாதை. அதனால்தான் சீக்கிரம் சாப்பிட்டு முடித்தவர்கூட, மற்றவர்கள் முடிக்கும்வரை பருக்கையைத் துழாவிக்கொண்டாவது கையைத் தட்டிலேயே வைத்திருப்பார். "நான் இன்னும் தொடங்கவே இல்லையே அம்மா" என்றார் டீச்சர், குழந்தை மாதிரி. எனக்கு முகம் எரிந்தது. வயிறு நிறையச் சாப்பிடு என்று கூப்பிட்ட வீட்டில் மூன்று பேரைப் பட்டினி போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

அடுத்த திங்கட்கிழமை நான் போனது பரிகாரம் செய்யத்தான். எனக்குப் பசியில்லை. ஆனால் டீச்சருக்குப் பசிக்கும், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் வரும் மீன்கடை ஆன்ட்டிக்குப் பசிக்கும். அவர்களுக்காக உட்கார்ந்தேன். சும்மா கையை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருப்பது? ஒரு வாய், இரண்டு வாய் என்று போனது. அக்கா பேசிக்கொண்டே, பார்க்காத மாதிரி, நல்ல கறித்துண்டை என் பக்கம் தள்ளிவிடுவார். நான் திருப்பித் தள்ளினால் மீன்கடை ஆன்ட்டி கரண்டியால் மறித்து, "இங்க ரிட்டர்ன் எல்லாம் கிடையாது லா" என்பார். அன்று ஒன்றரை மணிக்கு உட்கார்ந்தவர்கள் எழுந்தபோது மூன்றேகால். பேச்சில் கை காய்ந்து, மறுபடி தால்ச்சாவில் நனைந்து, மறுபடி காய்ந்தது. வீட்டுக்கு வந்தபின் மகன் போன் செய்தான். "சாப்பிட்டேன்டா" என்றேன். பல வாரங்களுக்குப் பிறகு அதைப் பொய்யில்லாமல் சொன்னேன். போனை வைத்துவிட்டு ஒரு பாட்டம் அழுதேன்.

அப்படியே ஆறு வருடம். என்ன பேசினோம் என்று கேட்டால் பெரிதாக ஒன்றும் சொல்ல முடியாது. சந்தை வம்பு, லிஃப்ட் ரிப்பேர், யார் வீட்டுக் கல்யாணத்தில் பிரியாணி அடிப்பிடித்தது, இதுதான். நான் அழ வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, அழக்கூடாது என்றும் சொல்லவில்லை. முதல் வருடம் முடிவதற்குள் என் ரவிக்கைகளில் பிடித்திருந்த தையலை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன். தையல்காரி உள்ளே துணி விட்டுத்தான் தைப்பாள். என்றைக்காவது தேவைப்படும் என்று.

கடைசி வருடம் அக்காவுக்கு உடம்பு கெட்டது. மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக இருந்தார். திங்கட்கிழமையை மட்டும் விடவில்லை. அக்காவின் மருமகள் வந்து சமைத்து வைத்துவிட்டுக் கடை வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். அக்கா சுவரில் சாய்ந்தபடி சஹனின் நசுங்கல் பக்கத்தில் உட்காருவார். அவருடைய சட்டைக் கை நாளுக்கு நாள் தொளதொளத்துக்கொண்டே வருவதை நான் பார்த்தேன். என் கண்ணுக்கு அது தப்பாது. ஒருநாள் அவர் விரல்களைக் கவனித்தேன். சோற்றை ஒதுக்குகின்றன, சேர்க்கின்றன, உருட்டுகின்றன. வாய்க்கு எதுவும் போகவில்லை. டீச்சர் கதை சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டு முடிக்கும் வரை, முக்கால் மணி நேரத்துக்கும் மேலாக, வலியோடு அந்தக் கையைத் தட்டிலேயே வைத்திருந்தார்.

எனக்குத் தாங்கவில்லை. நான் எழுந்துவிட்டால் அவரும் போய்ப் படுக்கலாமே என்று காலை ஊன்றினேன். அக்கா இடது கையால் என் முழங்காலை அழுத்தினார். "உட்காரு தங்கச்சி. நீ சாப்பிடறத பாக்கத்தானே உட்காந்திருக்கேன்" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. நான் உட்கார்ந்து சாப்பிட்டேன். தட்டில் என் பக்கம் இருந்த கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டேன். அன்றைக்கு அவருக்கு நான் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

அக்கா போன பிறகு அந்த வீட்டைக் காலி செய்தார்கள். அக்காவின் மகனும் மருமகளும் செங்காங்கில்தான் இருக்கிறார்கள். சஹன் என்னிடம் வர வேண்டும் என்று அக்கா சொல்லியிருந்தாராம். திங்கட்கிழமைச் சாப்பாடு தெம்பனிஸுக்கு இடம் மாறியது. எம்ஆர்டி ரயிலில் இவ்வளவு தூரமா என்று வாராவாரம் திட்டிக்கொண்டே மீன்கடை ஆன்ட்டி மீனோடு வந்துவிடுகிறார். டீச்சர் முன்பைவிட மெதுவாகச் சாப்பிடுகிறார். மூன்று பேர் சாப்பிட்டால் சஹனில் ஒரு பக்கம் மேடாகவே நின்றுவிடுகிறது.

கடையை இப்போது மருமகள் நடத்துகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை மசாலா வாங்கப் போனேன். "என்ன கறி ஆன்ட்டி?" "மீன்." "எத்தனை பேருக்கு?" அவள் முதுகுக்குப் பின்னால், கல்லாவின் மேல், பிரித்த சோற்றுப் பொட்டலம் ஒன்று கிடந்தது. இரண்டு வாய்கூடக் குறைந்திருக்கவில்லை. அவள் சட்டையின் தோள்பட்டை கைப்பக்கம் இறங்கித் தொங்கியது.

"நாலு பேருக்கு" என்றேன்.

"இப்ப மூணு பேருதானே நீங்க?"

"நாலு. நாளைக்குத்தான் உனக்கு லீவாச்சே. தெம்பனிஸுக்கு வா."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "மாமி போனதிலேர்ந்து எனக்குப் பசிக்கிறதே இல்ல ஆன்ட்டி."

"உனக்குப் பசிக்க வேணாம்மா. டீச்சருக்குப் பசிக்கும். நீ கைய வச்சுக்கிட்டு உட்காந்தா போதும்."

மறுநாள் சந்திலிருந்து சஹனை எடுத்து, இந்தப் பாதி, அந்தப் பாதி என்று கழுவி, பாயின் நடுவில் வைத்தேன். அவள் வந்தாள். யாரும் சொல்லாமலே நசுங்கல் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் வாயை எடுக்க வெகுநேரம் ஆயிற்று. நான் எப்போதோ சாப்பிட்டு முடித்துவிட்டேன். மணி மூன்றைத் தாண்டியும், ஒரே ஒரு பருக்கையை உருட்டிக்கொண்டு, கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.