அவருக்குக் கோபமே இல்லை

என் தம்பி புதுவாயலில் கடை திறந்த அன்றுதான் முதல் சண்டை வந்தது. எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, என் வீட்டுக்காரர் மட்டும் கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். தம்பி பெண்டாட்டி என் காதோரம் வந்து, "அண்ணனுக்கு எங்க மேல இன்னா கோவம்?" என்று கேட்டாள். எனக்கு மானம் போயிற்று.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். "எங்க ஊட்டு ஆளுங்களக் கண்டா புடிக்கலியா உனுக்கு?"

"கோவமே இல்லடி. நான் சிரிச்சிக்கினுதான இருந்தேன்."

அதைச் சொன்னபோதும் முகம் அசையவில்லை. பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். நாலைந்து மாதம் அவரோடு சரியாகப் பேசவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவேன். இப்போது அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அவருக்குக் கும்மிடிப்பூண்டியில் ஃபர்னஸ் வேலை. மாங்கனீசுக் கல்லை உருக்குகிற உலை. பதினான்கு வருடம் அதன் வாயருகே நின்றவர். அந்தச் சண்டைக்குப் பிறகு கொஞ்ச நாளில் நடை மாறியது. குதிகால் தரையில் படாமல் நடந்தார். கையெழுத்து எறும்பு அளவுக்குச் சுருங்கியது. குடிக்கிறார் என்று தெருவில் பேசினார்கள்.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் அவரைப் பின்பக்கமாக நடக்கச் சொன்னார். இரண்டாவது அடியிலேயே சாய்ந்தார், நர்ஸ் பிடித்துக்கொண்டாள். ஸ்கேனைப் பார்த்துவிட்டு, என்ன வேலை என்று டாக்டர் விசாரித்தார்.

"மாங்கனீசு உடம்புக்குத் துளியூண்டு வேணும்மா. ஆனா வருஷக்கணக்கா புகையா உள்ள போனா மூளையில தங்கிடும். கை, கால், முகம் அசையறதைப் பாத்துக்கிற இடத்தைக் கெடுத்துடும். மனசுல சிரிப்பு இருக்கும், முகத்துக்கு வராது."

"மாத்திரைல சரியாயிடுமா சார்?"

"வேலையை விட்டா இதுக்கு மேல போகாம இருக்கலாம். போனது திரும்பறது கஷ்டம்."

நான் அவர் பக்கம் திரும்பினேன். கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. முகம் அப்படியே இருந்தது.

வேலையை விட்டுவிட்டார். நடை இன்னும் மோசமாகத்தான் ஆகிறது. போன மாதம், அவரோடு ஒரே ஷிஃப்டில் நின்றவர் வீட்டுக்குப் பார்க்க வந்தார். இவர் குழறிக் குழறி, "நீ பின்பக்கமா நடந்து காட்டு" என்றார். வந்தவர் சிரித்துக்கொண்டே நடந்தார். நாலாவது அடியில் தடுமாறிக் கதவைப் பிடித்தார்.

"தரை வழுக்குதுண்ணா."

"நாளைக்கே டாக்டராண்ட போ."

"லீவு குடுக்க மாட்டாங்கண்ணா."

டீயைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்பினார். இரண்டு மணி ஷிஃப்டுக்கு நேரமாகியிருந்தது.