உழுது வைத்த மைதானம்

அணிக்கு ஒன்பது பேர் ஆடும் பெண்கள் ரக்பி லீக் போட்டியைத் திண்டுக்கல்லில் எங்கே நடத்தலாம் என்று போன வாரம் இங்கே கேட்டிருந்தேன். முக்கால்வாசிப் பேர் டவுன் மைதானத்தைச் சொன்னீர்கள். உட்கார்ந்து பார்க்கப் படிக்கட்டு இருக்கிறதாம்.

நான் ரெட்டியார்சத்திரம் பக்கம், வெங்காயம் எடுத்து முடித்த ஒரு காட்டைப் பேசி வைத்திருந்தேன். சமதளம், கல் கிடையாது.

இன்று காலை கோடு போடச் சுண்ணாம்புத் தூளோடு போனால், காட்டுக்காரர் செல்லமுத்து அண்ணன் டிராக்டர் விட்டு முழுக்க உழுது வைத்திருக்கிறார். கால் வைத்தால் கணுக்கால் வரை புதைகிறது.

"என்னண்ணே, இதுல பிள்ளைக எப்படி ஓடும்?"

"ஒருத்திய ஒருத்தி புடிச்சுக் கீழ தள்ளுற ஆட்டம்னு நீங்கதான சொன்னீக. காஞ்ச தரையில விழுந்தா முட்டி பேந்துராதா?"

இத்தனை நாளும் பார்க்க வருகிறவர்கள் எங்கே உட்காருவார்கள் என்றுதான் நாம் பேசிக்கொண்டிருந்தோம்.

போட்டி அங்கேதான். நாளை பலகை கட்டி இழுத்து, ஓடுகிற அளவுக்கு மண்ணை அமுக்கித் தருகிறார். உட்கார வரப்பு இருக்கிறது.

ஆட்சேபணை உள்ளவர்கள் டவுன் மைதானத்தில் ஒரு தடவை விழுந்து எழுந்துவிட்டு வந்து கமெண்ட் போடவும்.