மைதீன் பிச்சையின் கார் ஷெட்

மைதீன் பிச்சை கடையநல்லூர்க்காரர். யுத்தம் முடிந்ததும், ராணுவம் ஏலம் விட்ட இரண்டு ஜீப்புகளைச் சீர்செய்து விற்று, பம்பாய் தாராவியில் பழைய கார் வியாபாரம் தொடங்கினார். நாற்பத்தேழு செப்டம்பரில் ஷெட்டில் கார் நிறுத்த இடமில்லை. நாடு பிரிந்ததும் கராச்சிக்குக் கப்பலேறிய முஸ்லிம் குடும்பங்கள் பேரம்கூடப் பேசாமல் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயின. ஒரு காரின் பின்சீட்டில் குழந்தையின் ஒற்றைச் செருப்பு கிடந்தது. வியாபாரம் பெருகிய சந்தோஷத்தில் அதை எடுத்து வெளியே போட்டார்.

மாதுங்காவிலிருந்து பஞ்சாபகேசன் என்பவர் கார் வாங்க வந்தார். காரைவிட ஷெட்டையே அதிகம் பார்த்தார்.

“பாய், நீங்க எப்போ கிளம்பறேள்?”

“எங்கய்யா?”

“கராச்சிக்குத்தான். இந்த எடம் காலியானா தனக்கு வேணும்னான் என் மச்சினன்.”

“கராச்சி எந்தத் திக்குன்னே எனக்குத் தெரியாதுய்யா. எம் புள்ளைக பொறந்ததே இங்கதான்.”

“எதுக்கும் யோசிச்சு வையுங்கோ,” என்றார் அவர், பிரியமாகவே.

அந்த வாரம் இன்னும் இருவர் அதையே கேட்டார்கள். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்தபோது, யாரோ ஷெட்டை அளந்து சுவரில் சாக்பீஸால் கோடு போட்டிருந்தார்கள். ஈரத்துணியால் துடைத்தார். மறுநாள் காலை கோடுகள் மறுபடியும் இருந்தன.

மைதீன் பிச்சை பம்பாயை விட்டுப் போகவில்லை. கார்களை விற்றுக்கொண்டுதான் இருந்தார். ஆனால் வாசலோரம் ஒரு காரை, பெட்ரோல் நிரப்பி, சாலையைப் பார்க்க நிறுத்திவைத்தார். அதை மட்டும் யார் கேட்டும் விற்கவில்லை.